அரைநேரக் காவல் போதுமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் மாநகருக்கு அருகே, கிர்க்லண்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கோவிட் புகுந்திருப்பது 2020 பிப்ரவரி இறுதியில் தெரியவந்தது. மார்ச் 18ஆம் தேதிக்குள் அந்த இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்கு வியாதி உறுதியாயிற்று: அங்கேயே வசித்தவர்கள் 101 பேர், ஊழியர்கள் 50 பேர், பார்க்க வந்தவர்கள் 16 பேர். நோயுற்ற வயோதிகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உயிரிழந்தார். அந்த இல்லத்தையும் சுற்றுப்புறத்து மற்ற இல்லங்களையும் ஆராய்ந்த பொதுச் சுகாதார அதிகாரிகள், வியாதி பரவ ஏதுவாயிருந்த காரணங்களை வரிசையாக எடுத்துரைத்தார்கள். நோய்க்குறி கண்ட பின்னும் ஊழியர்கள் வேலைக்கு வந்தார்கள். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார். கையுறை, முகக்கவசம் முதலியவற்றை முறைப்படி அணிந்து கழற்றும் பழக்கம் போதவில்லை. அவையும் கை சுத்தம் செய்யும் திரவமும் கையிருப்பில் போதிய அளவு இல்லை. நோயாளிகளை இனங்காணத் தாமதமாயிற்று.

இந்த ஐந்தில் கடைசிக் காரணத்தை மட்டும் ஓரளவுக்குப் புதிய வைரஸின் தலையில் சுமத்தலாம். மற்ற நான்கும் நெடுங்காலமாக அங்கே குடியிருந்த குறைகள். கோவிட் வராமல் வேறொரு கிருமி வந்திருந்தாலும் அதே கதவுகள்தாம் திறந்திருக்கும். அக்கதவுகளைச் சாத்திவைப்பதற்கென்றே ஓர் உத்தியோகம் உண்டு. தொற்றுத் தடுப்பு அலுவலர் என்பது அதன் பெயர். அது மற்ற வேலைகளுக்கிடையே நேரம் கிடைத்தபோது பார்க்கிற உபகாரியமாக இருக்கலாகாது என்பதும், அவகாசமும் அதிகாரமும் உடைய தனிப் பதவியாக இருந்தாலன்றி முதியோர் இல்லம் எதுவும் பத்திரமான இடமாகாது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

கோவிடுக்கு வெகு முன்பிருந்தே இந்த அபாயம் இருந்துவந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 முதியோர் மருத்துவப் பராமரிப்பு இல்லங்கள் உள்ளன. அவற்றில் சுமார் 12 லட்சம் பேர் வசிக்கிறார்கள். இவற்றையும் இவை போன்ற நீண்டகாலப் பராமரிப்பு நிலையங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுதோறும் 10 லட்சம் முதல் 30 லட்சம் வரை கடுமையான தொற்றுகள் நேர்கின்றன என்றும், அவற்றால் ஆண்டுக்கு 3,80,000 பேர் வரை இறக்கக்கூடும் என்றும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சார்பில் அரசாங்க அலுவல்களைத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2020 மே மாதத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2013 முதல் 2017 வரையிலான காலத்தில், பரிசோதனைக்கு உள்ளான இல்லங்களில் 82 சதவீதம் ஒரு முறையேனும் தொற்றுத் தடுப்பில் குறை கண்டு குறிக்கப்பட்டவை என்று அது தெரிவித்தது. செல்வமும் விஞ்ஞானமும் சட்டமும் நிறைந்த ஒரு தேசத்தின் நிலைமை இது.

மருத்துவமனையும் முதியோர் இல்லமும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மருத்துவமனைக்குப் போகிறவர் சில தினங்களில் வீடு திரும்பும் நம்பிக்கையோடு போகிறார். அதுவரை தனியறையில் அடைபட்டுக் கிடப்பதையும், கவச உடை தரித்தவர்களே தம்மை அணுகுவதையும் பொறுத்துக்கொள்கிறார். முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கோ அதுவே வீடு. பெரும்பாலும் இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, கூடத்தில் எல்லோருடனும் அமர்ந்து உண்டு, மாலையில் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் கூடி, பொதுவான குளியலறையை முறைவைத்துப் பயன்படுத்தி, தம்மைக் குளிப்பாட்டவும் உடுத்தவும் புரட்டிப் படுக்கவைக்கவும் பிறர் கையை நம்பி, மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் அவர் அங்கே வாழ்கிறார். அவரைத் தொடுகிற கைகள் சற்று முன்னர் அடுத்த கட்டிலில் இருப்பவரைத் தொட்டவை. பணிவிடை செல்லும் வழியிலேயே தொற்றும் செல்கிறது. முன்னதை நிறுத்தாமல் பின்னதை நிறுத்தியாக வேண்டும் என்பதே இப்பணியின் சங்கடம்.

வயோதிக சரீரத்தின் சுபாவம் இச்சங்கடத்தை இன்னும் அதிகரிக்கச் செய்கிறது. வாலிபருக்கு நோய் வந்தால் உடல் கொதித்துத் தெரிவித்துவிடும். எண்பது வயதைக் கடந்தவருக்கு நுரையீரலில் சளிக்காய்ச்சல் முற்றியிருந்தாலும் உஷ்ணமானி அதைக் காட்டாமற் போகலாம். அதனால்தான், வாய்வழி எடுத்த உஷ்ணம் ஒரே ஒரு தடவை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலும், பல தடவை 99 டிகிரியைத் தாண்டினாலும், அவரவருடைய வழக்கமான உஷ்ணத்தைவிட 2 டிகிரிக்கு மேல் கூடினாலும், முதியோர் இல்லத்தில் அதைக் காய்ச்சலென்றே கொள்ள வேண்டும் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் வழிகாட்டியிருக்கிறது. உஷ்ணம் காட்டாததை வேறு குறிகள் காட்டும். நேற்றுவரை தாமாக எழுந்து நடந்தவர் இன்று கட்டிலைவிட்டு இறங்க மறுக்கிறார்; காலை உணவில் பாதி தட்டிலேயே இருக்கிறது; பேத்தியின் பெயரை மறந்துவிட்டுத் தடுமாறுகிறார். இவற்றை முதலில் காண்பவர் மருத்துவரல்லர். தினந்தோறும் சோறூட்டி முகம் கழுவிவிடுகிற பராமரிப்பு உதவியாளரே. இல்லத்திலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குவோரில் ஒருவரான அவருடைய வாய்ச்சொல்லைக் கேட்டு, அதை உடனே குறித்துக்கொள்ள ஒருவர் இல்லாவிட்டால், அந்தச் செய்தி அவரோடேயே வீட்டுக்குப் போய்விடும்.

குறித்துக்கொள்ள வேண்டியவர் தொற்றுத் தடுப்பு அலுவலர். அவருடைய காலைப் பொழுது எப்படிக் கழிகிறது என்று பார்ப்போம். முந்தின நாள் இரவுப் பணியாளர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படிக்கிறார். யாருக்கு இருமல், யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருக்குப் புதிதாக ஆன்டிபயாட்டிக் மருந்து எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு பட்டியலில் ஏற்றுகிறார். இரண்டு பேருக்கு வாந்தியென்றால் அது தற்செயலாக இருக்கலாம். அவ்விருவரும் ஒரே மேஜையில் உண்பவர்கள் என்பது பட்டியலிலிருந்து புலப்பட்டால், நோரோ வைரஸ் உள்ளே வந்துவிட்டதென்ற எச்சரிக்கையோடு அன்று மத்தியானச் சாப்பாட்டையே அறைகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். பிறகு அவர் தாழ்வாரம் தாழ்வாரமாக நடக்கிறார். ஓர் உதவியாளர் கையுறையைக் கழற்றிய பின் கை கழுவுகிறாரா, அல்லது கையுறை அணிந்திருந்ததே போதுமென்று அடுத்த அறைக்குள் நுழைந்துவிடுகிறாரா என்று கவனிக்கிறார். சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவரின் சேகரிப்புப் பை தரையில் உராய்கிறதா, மூத்திரப்பையின் மட்டத்துக்கு மேலே தூக்கி மாட்டப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். அந்தக் குழாய் இன்னும் அவசியந்தானா என்று மருத்துவரைக் கேட்கிறார். எதை எடுத்துக்கொண்டாலும் சொற்பக் காரியமாகவே தோன்றும். ஆனால் இச்சொற்பக் காரியங்களில் ஒன்று தவறினாலும் மனித உயிர் போகும் என்பதற்குச் சான்று உண்டு.

2010ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தில் முதியோர் உதவி இல்லம் ஒன்றில் வசித்த எட்டுப் பேருக்கு ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய் கண்டது. அவர்களில் ஆறு பேர் மாண்டனர். விசாரணையில் வெளிப்பட்டது இதுதான்: நோயுற்ற எட்டுப் பேரும் நீரிழிவுக்காக ஊழியர்களைக்கொண்டு இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டவர்கள். விரல் நுனியில் குத்தித் துளி இரத்தம் எடுக்கிற பேனா போன்ற சாதனம் ஒருவருக்கு மட்டுமே உரியது; அதைப் பலருக்கும் பொதுவாக்கியிருந்தார்கள். சர்க்கரை பார்க்கும் கருவியையும் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையில் துடைத்துச் சுத்தம் செய்யவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அந்த ஆறு பேரின் உயிரைக் குடித்தது. அந்தச் சாதனத்தின் மேல் எழுதியிருந்ததைப் படித்து, ஆளுக்கொன்று வாங்கிவைத்து, பெயர் ஒட்டி, அவரவர் அலமாரியில் வைக்கச் செய்ய ஒருவர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்.

கை சுத்தமென்று எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அதிலும் விஷய ஞானம் வேண்டும். ஆல்கஹால் கலந்த திரவத்தை இருபது முப்பது விநாடி தேய்த்தால் பெரும்பாலான கிருமிகள் அழியும். ஆனால் ஆன்டிபயாட்டிக் உண்டவர்களின் குடலில் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிற கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்னும் கிருமியின் வித்துக்களை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. அங்கே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவித்தான் ஆக வேண்டும். தரையையும் கட்டிற் கம்பியையும் பிளீச் கொண்டு துடைத்தாக வேண்டும். 2009இல் ஜப்பானில் முதன்முதலாக இனங்காணப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்னும் பூஞ்சை, மேஜை நாற்காலிகளின் மேல் வாரக் கணக்கில் உயிரோடிருக்கும். வழக்கமான துப்புரவுத் திரவங்களில் சில அதைக் கொல்வதில்லை. கொல்லக்கூடிய திரவமும் புட்டியில் குறித்த நேரம்வரை பரப்பின் மேல் ஈரமாகவே நிற்க வேண்டும். தெளித்த மாத்திரத்தில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால், பளபளப்பு வருமேயன்றிச் சுத்தம் வராது. துப்புரவுப் பணியாளருக்கு இதை அவருக்குப் புரிகிற பாஷையில், பக்கத்தில் நின்று, கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதும் அந்த அலுவலரின் வேலையே.

மருந்து கொடுப்பதைப் போலவே மருந்து கொடாமலிருப்பதும் இப்பணியில் அடங்கும். நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் ஸ்திரீகளில் நான்கில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர்வரை, யாதொரு நோவும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா உடையவர்கள். நெடுநாள் குழாய் பொருத்தியிருப்பவர்களில் அநேகமாக எல்லோருமே அப்படித்தான். இது வியாதியன்று, இதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பதால் பிரயோஜனமும் இல்லை. ஆயினும், சிறுநீர் கலங்கியிருக்கிறது, நாற்றம் அடிக்கிறது, அம்மா இன்று சோர்ந்திருக்கிறாள் என்று மகள் கவலையோடு கேட்கும்போது, ஏதாவது மருந்து எழுதிக் கொடுத்துவிடுவது மருத்துவருக்குச் சுலபம். அப்படிச் சுலபமாக எழுதப்பட்ட மருந்துதான் குடலின் நன்மைக் கிருமிகளை அழித்து, முன்சொன்ன வயிற்றுப்போக்குக்கு வழிவிடுகிறது. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகளையும் வளர்க்கிறது. முதியோர் இல்லங்களில் எழுதப்படும் ஆன்டிபயாட்டிக்குகளில் 40 முதல் 75 சதவீதம்வரை அனாவசியமானவையாகவோ பொருத்தமற்றவையாகவோ இருக்கக்கூடும் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. மகளிடம் உட்கார்ந்து பேசி, இன்று நிறையத் தண்ணீர் கொடுத்துக் கவனித்துப் பார்ப்போம், காய்ச்சலோ வலியோ கண்டால் உடனே சோதிப்போம் என்று விளக்குவதற்கு அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரம் இல்லாததால்தான் மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது.

இனி, காப்பு என்ற பெயரால் வாழ்வையே பறித்துவிடலாகாது என்ற எச்சரிக்கையும் இப்பணிக்கு வேண்டும். 2020 மார்ச் 13ஆம் தேதி அமெரிக்க மத்திய அரசு முதியோர் இல்லங்களுக்கு உறவினர் வருவதையே நிறுத்தச் சொல்லிற்று. மரணத் தறுவாயில் இருப்போரைப் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு இருந்தது. பின்னர் படிப்படியாகத் தளர்த்தப்பட்ட அக்கட்டுப்பாடு, 2021 நவம்பரில்தான் அநேகமாக முழுவதும் நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்று தாயைப் பார்த்துத் திரும்பிய மக்கள் எத்தனை பேர்! அந்தத் தனிமையில் உணவை வெறுத்தும் நினைவு குன்றியும் நலிந்தவர்கள் பலர். இந்த அனுபவம் கற்பித்த பாடம், எல்லோரையும் எல்லா நேரமும் அடைத்துவைப்பதைவிட, அபாயம் மிகுந்த தருணங்களைத் தேர்ந்து காப்பதே விவேகம் என்பது. மருந்துக்கு அடங்காத கிருமியைத் தாங்கியவர், ஆறாப் புண்ணோ உடலில் குழாயோ உடையவர் ஆகியோரைக் குளிப்பாட்டும்போதும், உடுத்தும்போதும், படுக்கை மாற்றும்போதும், புண்ணுக்குக் கட்டுப் போடும்போதும் மட்டும் ஊழியர் கையுறையும் மேலங்கியும் அணிவார். மற்ற நேரங்களில் அந்த முதியவர் வழக்கம்போலக் கூடத்துக்கு வந்து மற்றவரோடு அமர்ந்திருக்கலாம் என்னும் முறை 2024 ஏப்ரல் முதல் அங்கே அரசுப் பரிசோதனையில் எதிர்பார்க்கப்படும் நியமமாகியிருக்கிறது. இதை நடைமுறையில் கொண்டுவருவது எவ்வளவு நுட்பமான காரியம்! கதவில் தொங்கும் சீட்டைப் பார்த்து, இந்த மனிதருக்கு, இந்த வேலைக்கு, இப்பொழுது அங்கி வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வோர் ஊழியரும் ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஊழியரைப் பற்றிப் பேசாமல் தொற்றைப் பற்றிப் பேசுவது வீண். 2017, 2018ஆம் ஆண்டுகளின் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க முதியோர் இல்லங்களில் செவிலியரும் உதவியாளரும் வேலையைவிட்டு நீங்கும் விகிதம் ஆண்டுக்குச் சராசரியாக 128 சதவீதம் என்று காட்டிற்று. ஓராண்டுக்குள் வேலையிடங்களின் எண்ணிக்கையைவிட அதிகமானோர் வந்து போகிறார்கள் என்பது இதன் பொருள். இந்நிலையில் கை கழுவும் முறையைக் கற்பிப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகவே முடியும். சம்பளத்துடன் நோய் விடுப்பு இல்லாதவர் இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார். ஓர் இல்லத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாதவர் மாலையில் இன்னோர் இல்லத்துக்குப் போகிறார். கிருமியும் அவரோடு போகிறது. இவர்களைக் குற்றஞ்சாட்டுவது அநியாயம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2020 மார்ச்சில், ஊழியர் ஒருவர் ஒரே இல்லத்தில்தான் வேலை செய்யலாம் என்று உத்தரவிட்டது. உத்தரவோடு நின்றுவிடாமல், அவர்கள் வருமானம் குன்றாதபடி சம்பளத்தையும் அரசே உயர்த்திச் சமப்படுத்திற்று. கட்டளையும் அதற்கேற்ற கருணையும் சேர்ந்தே சென்றதால்தான் அது நியாயமான கட்டளையாயிற்று. அதற்கும் முன்னர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் 20 முதியோர் நீண்டகால மருத்துவமனைகளில் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஊழியர்களுக்கு இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசி அளிக்க ஏற்பாடு செய்த இடங்களில் முதியோர் மரண விகிதம் 13.6 சதவீதமாகவும், ஏற்பாடு செய்யாத இடங்களில் 22.4 சதவீதமாகவும் இருந்தது. இத்தகைய ஆய்வுகளின் வலிமையைப் பற்றி நிபுணர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டென்றாலும், ஊழியரின் ஆரோக்கியமே முதியோரின் அரண் என்ற எண்ணத்தை அது அலட்சியம் செய்ய முடியாதபடி முன்வைத்தது.

இத்தனை பொறுப்புகளையும் ஏற்கிறவருக்குச் சட்டம் அளித்திருக்கும் இடம் என்ன? அமெரிக்க மத்திய அரசு 2016இல் வகுத்து, 2019 நவம்பர் 28 முதல் அமலுக்குக் கொண்டுவந்த விதி, ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் விசேஷப் பயிற்சி பெற்ற தொற்றுத் தடுப்பு அலுவலர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்கிறது. அது பெரிய முன்னேற்றமே. ஆனால் அதே விதி, அவர் பகுதிநேரமாக இருந்தாலும் போதும் என்று சொல்லிவிடுகிறது. நடைமுறையில் நடப்பது யாதெனில், ஏற்கெனவே செவிலியர் தலைமையையோ ஊழியர் பயிற்சியையோ சுமந்துகொண்டிருக்கிற ஒருவரின் தோளில் இப்பட்டமும் ஏற்றப்படுகிறது. ஒரு செவிலியர் அன்று வரவில்லையென்றால், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியவரும் இவரே. பட்டியல் மேஜையின் மேல் மூடியபடி கிடக்கும். கலிஃபோர்னியா மாநிலம் இந்தக் குறையை உணர்ந்து, 2021 ஜனவரி முதல் முழுநேரத் தொற்றுத் தடுப்பு அலுவலர் வேண்டுமென்று சட்டம் செய்தது. ஒருவர் கிடைக்காவிடில் இருவர் நேரத்தைப் பகிர்ந்துகொண்டு அப்பணியை நிறைவேற்றலாம் என்றும் இடம் கொடுத்தது.

செலவு தாங்காது என்று நிர்வாகிகள் சொல்வார்கள். சிறிய இல்லங்களுக்கு அது உண்மையான கஷ்டம்தான்; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தொற்று பரவிய பின் மருத்துவமனைப் படுக்கைக்கும், தற்காலிக ஊழியருக்கும், வழக்குக்கும், காலியாகக் கிடக்கும் கட்டில்களுக்கும் ஆகிற செலவை யாரோ ஒருவர் தரத்தானே செய்கிறார்? முன்னதாகச் செய்யும் செலவு நிர்வாகத்தின் கணக்கேட்டில் ஏறுகிறது. பின்னர் நேரும் செலவு பெரும்பாலும் அரசாங்கத்தின் கணக்கிலும் குடும்பங்களின் கண்ணீரிலும் ஏறுகிறது. ஆகவேதான் இதை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல், முதியோர் பராமரிப்புக்கு அரசு அளிக்கும் தொகையிலேயே இப்பதவிக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கிவைக்க வேண்டுமென்று கேட்கிறோம்.

இது கடல் கடந்த தேசத்தின் விவகாரமென்று தமிழ் வாசகர்கள் ஒதுக்கிவிட முடியாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்திருந்தனர். அவ்விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் ஆதரவற்ற 150 முதியோராவது தங்கும் இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என்றும், அவ்வில்லங்களின் தரத்தையும் மருத்துவ சேவையையும் பற்றிய திட்டத்தை அவையே வகுக்கலாம் என்றும் சொல்கிறது. மருத்துவ நிலையங்களில் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டுதல் 2020 ஜனவரியில் வெளியாயிற்று. இவ்விரண்டையும் இணைப்பது நம் அரசின் கையில் இருக்கிறது. ஒவ்வோர் இல்லத்துக்கும் தனி அலுவலரை இன்றைக்கே நியமிக்க இயலாவிட்டாலும், மாவட்டத்துக்கு ஒருவரேனும் இப்பணிக்கென்றே பயிற்சி பெற்று, இல்லம் இல்லமாகச் சென்று பட்டியலைப் பார்க்கவும், உதவியாளருக்குக் கற்பிக்கவும், குறை கண்ட இடத்தில் திருத்தச் சொல்லவும் அதிகாரம் பெற்றிருக்கலாம்.

அந்த அதிகாரமே முக்கியம். நோயுற்ற ஊழியரைச் சம்பளம் குறையாமல் வீட்டுக்கு அனுப்பவும், கூடத்துச் சாப்பாட்டை ஒரு நாள் நிறுத்தவும், அனாவசிய மருந்தை ஏனென்று மருத்துவரைக் கேட்கவும், கையுறை தீர்ந்தால் அன்றே வாங்கச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை இருந்தால்தான் அவர் தொற்றைத் தடுக்க முடியும். நான்கு பேரின் அனுமதிக்குக் காத்திருக்கிறவர், தொற்று பரவிய பின் அதைப் பதிவு செய்கிறவராகவே ஆகிவிடுவார். ஆகையால் சட்டம் இயற்றுவோரிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று: முழு நேரம், எழுதிக் கொடுத்த அதிகாரம், அவ்விரண்டையும் தாங்குகிற தனி நிதி. பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகும் மக்கள் நிர்வாகியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இங்கே தொற்றைக் கவனிப்பவர் யார், அவருக்கு வேறு என்ன வேலைகள் உண்டு? அக்கேள்வியைக் கேட்கிறவர்கள் பெருகினால், சட்டம் வருமுன்னரே பல இல்லங்களில் அந்த நாற்காலி நிரம்பிவிடும்.